பெருங்காயத்தின் இரண்டு பிறப்பு

மஞ்சளைக் கிழங்காகப் பார்த்திருக்கிறோம். மிளகாயைச் செடியில் பறித்திருக்கிறோம். கொத்தமல்லி பால்கனித் தொட்டியிலேயே முளைக்கிறது. மிளகுக்கொடியைப் பார்க்க ஆசைப்பட்டால் கொல்லிமலைக்கு ஒரு நடை போய்வரலாம். சமையலறை அலமாரியில் வரிசையாக நிற்கும் பொடிகளுக்கும் வற்றல்களுக்கும் பச்சையாக இருந்த காலத்து முகம் ஒன்று உண்டு. அதை நாம் எங்கேயாவது கண்டிருப்போம். பெருங்காயத்துக்கு மட்டும் அப்படி ஒரு முகம் நம் நினைவில் இல்லை. ரசத்தில் அது போடவில்லை என்றால் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவோம். அது காயா, வேரா, பிசினா, எந்த ஊரில் விளைகிறது என்று கேட்டால் சமைக்கிறவர்களில் பலரும் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பார்கள். டப்பாவும் பெரிதாக ஒன்றும் சொல்லாது.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. பெருங்காயம் இரண்டு முறை பிறக்கிறது. முதல் பிறப்பு ஆப்கானிஸ்தான், ஈரான் மலைச்சரிவுகளில், ஒரு கத்தி வெட்டில். இரண்டாவது பிறப்பு இந்தியாவில், ஒரு மாவுப் பிசையலில். நம் அலமாரிக்கு வருவது இரண்டாவது பிறப்பு எடுத்த பெருங்காயம். அதை வளர்த்து ஆளாக்கிய ஊர்களில் முக்கியமானது மும்பை.

முதல் பிறப்பிலிருந்து தொடங்கலாம்.

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, கேரட் ஆகியவற்றின் பங்காளிச் செடி இது. தாவரவியலில் ஃபெரூலா என்று பெயர். ஹெராத், கந்தகார் பக்கத்து வறண்ட சரிவுகளிலும், ஈரானின் கொராசான், கெர்மான் பகுதிகளிலும், உஸ்பெகிஸ்தானிலும் தானாக முளைக்கிறது. குளிர்காலத்தில் பனி வேண்டும். கோடையில் காய்ந்த மண் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். முதல் சில வருடங்கள் தரையோடு தரையாக இலைக்கொத்து மட்டும் இருக்கும். அந்தக் காலமெல்லாம் செடி தன் சம்பாத்தியத்தை மண்ணுக்கடியில் சேர்த்து வைக்கிறது; வேர் மனிதக் கை பருமனுக்குத் தடிக்கிறது. நான்கைந்து வருடம் கழித்து ஒரு வசந்தத்தில் ஆள் உயரத்துக்குத் தண்டு எழும்பி, குடைபோல மஞ்சள் பூ விரித்து, விதை விட்டுச் செத்துப்போகும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூப்பது.

அந்தப் பூ வருவதற்கு முன் கத்தி வந்துவிட வேண்டும். வேரின் தலையைச் சுற்றி மண்ணைத் தோண்டி விலக்கி, இலைகளை அறுத்தெடுத்து, வேரின் உச்சியைக் குறுக்கே சீவுகிறார்கள். சீவிய இடத்தில் பால் கசிகிறது. வெயில் நேராகப் படாதபடி சுள்ளியும் மண்ணும் வைத்து மூடுகிறார்கள். சில நாளில் பால் உறைந்து பிசினாகிறது, நிறம் வெளுப்பிலிருந்து செம்பழுப்புக்கு மாறுகிறது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒரு மெல்லிய சீவல். மறுபடி பால், மறுபடி மூடல். வேர் வற்றிப்போகும் வரை, ஏறக்குறைய மூன்று மாதம், இதே வேலை. எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1680களில் ஈரானின் லார் பகுதியில் இந்த அறுவடையை நேரில் பார்த்து, 1712இல் வெளியான தன் நூலில் படத்தோடு எழுதிவைத்தார். முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. பூக்க வேண்டிய செடியின் மொத்த சேமிப்பும் ஒரு பருவத்தில் பாலாக வடிந்துவிடுகிறது. நம் கையில் கிடைக்கும் பொருளின் விலைக்கு முதல் காரணம் அந்த ஐந்து வருடம்.

இப்படி உலர்ந்த பிசினுக்கு ஒரு வசதி உண்டு. பழம் அழுகும், கீரை வாடும். பிசின் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். முற்காலத்தில் அதை ஆட்டுத்தோலில் வைத்துத் தைத்து ஒட்டகத்தில் ஏற்றினார்கள். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத ஆசாரச் சமையலுக்கு வந்த வாசனை, வழியெல்லாம் தோலுக்குள் பயணம் செய்தது என்பதை மடப்பள்ளிகள் அறிந்திருந்தனவோ என்னவோ, கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தியாவுக்கும் இந்தப் பிசினுக்கும் பழைய உறவு. சரக சம்ஹிதையில் ஹிங்கு மருந்தாக இடம்பெறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்து திரும்பிய சீனத் துறவி யுவான் சுவாங், இன்றைய கஜினி வட்டாரத்தில் அது ஏராளமாக விளைவதைக் குறித்திருக்கிறார். ஆனால் மும்பைத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் வேறொருவர்.

கார்சியா த ஓர்த்தா போர்ச்சுகீசிய மருத்துவர். 1534இல் கோவாவுக்கு வந்தவர். பம்பாய்த் தீவு அப்போது போர்ச்சுகீசியர் வசம். 1550களில் அந்தத் தீவையே குத்தகைக்கு எடுத்திருந்தார் அவர். ஆண்டு வாடகை கட்டி ஒரு மனிதர் மொத்த பம்பாயையும் வைத்திருந்த காலம் அது. இந்திய மூலிகைகள், மருந்துச் சரக்குகள் பற்றி அவர் எழுதிய உரையாடல் நூல் 1563இல் கோவாவில் அச்சானது. அதில் பெருங்காயத்துக்குத் தனி உரையாடல் உண்டு. இந்தியா முழுவதும் மருந்துக்கும் உணவுக்கும் இதைப்போல் புழங்கும் பொருள் வேறில்லை என்று சொல்லிவிட்டு, விஜயநகரத்தில் நடந்த ஒரு கதையையும் தருகிறார். போர்ச்சுகீசியன் ஒருவனிடம் விலையுயர்ந்த குதிரை இருந்தது. அது வயிற்று வாயுவால் அவதிப்பட்டதால் ராஜா வாங்க மறுத்துவிட்டார். அவன் பெருங்காயத்தை மாவில் கலந்து கொடுத்து அதைக் குணப்படுத்தினான். குதிரையை வாங்கிய ராஜா வைத்தியம் என்ன என்று கேட்டார். பெருங்காயம் என்றதும், தேவர்களின் உணவைக் கொடுத்தால் குணமாகாமல் என்ன என்றாராம். பிசாசின் உணவு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று போர்ச்சுகீசியன் தன் பாஷையில் வாய்க்குள் முனகினானாம்.

கதையில் சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். குதிரைக்குக் கொடுத்தபோதும் அதை மாவில்தான் கலந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் எளிது. மலையிலிருந்து வரும் பிசினை அப்படியே சமையலில் போட முடியாது. கடுகளவு கூடினால் குழம்பு கசந்து போகும். அதன் வாசனை கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது. பூண்டிலும் வெங்காயத்திலும் இருக்கும் அதே இனம், அவற்றைவிடப் பல மடங்கு செறிவாக. மேலும் அந்தப் பிசின் பிசுபிசுப்பானது. இடித்தால் பொடியாகாமல் உரலில் அப்பிக்கொள்ளும். அதை வீட்டுக்காரர்கள் கிள்ளிப்போடக்கூடிய பொருளாக மாற்ற நடுவில் ஒரு கை தேவைப்பட்டது.

அந்தக் கை பம்பாயில் வாய்த்தது. பாரசீக வளைகுடாவிலிருந்து வரும் கப்பலும், கந்தகாரிலிருந்து சிந்து வழியாகக் கராச்சி வந்து கடலேறும் சரக்கும் பம்பாயில் இறங்கின. மாண்ட்வி, மஸ்ஜித் பந்தர் பகுதிகளில் கட்ச், கத்தியவார் வணிகர்கள் மளிகை மொத்த வியாபாரத்தை வைத்திருந்தார்கள். 1890களின் தொடக்கத்தில் வெளிவந்த இந்திய மருந்துச் சரக்குகள் பற்றிய பெருநூலை எழுதியவர்களில் ஒருவரான வில்லியம் டைமாக் பம்பாயில் பணியாற்றியவர். எந்த ஊர்ச் சரக்கு, எந்தத் துறைமுகச் சரக்கு என்று பெருங்காயத்தின் ரகங்களை அவர் பிரித்துப் பதிவு செய்ததற்கு இந்த பம்பாய்ச் சந்தையே பள்ளிக்கூடம். அந்த நூல் வந்த கையோடு, 1894இல், லால்ஜி கோது என்ற நிறுவனம் பம்பாயில் தொடங்கியது. பெயரின் முதல் எழுத்துகள் இரண்டையும் சேர்த்தால், தமிழ்நாட்டு மளிகைப் பட்டியல்களில் தலைமுறைகளாக எழுதப்பட்டுவரும் எல்.ஜி.

இனி இரண்டாவது பிறப்பு. மலைப்பிசினில் பல ரகம். வெளுத்த ரகம் தண்ணீரில் எளிதாகக் கரையும். சிவந்த ரகம் எண்ணெயில் கரையும். ஒன்றில் காரநெடி, மற்றொன்றில் கசப்பு, இன்னொன்றில் இனிப்பு வாசம். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மலைச்சரிவின் சரக்கும் வேறுபடும். அனுபவப்பட்டவர்கள் முகர்ந்து பார்த்து ரகங்களைச் சேர்க்கிறார்கள். சேர்த்த பிசினைக் கருவேல இனப் பிசினோடும் கோதுமை அல்லது அரிசி மாவோடும் பிசைந்து, உலர்த்தி, கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். டப்பாவில் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று அச்சாகியிருப்பது இதைத்தான். வடக்கே ‘பந்தானி’ என்பார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் நகரம் இந்த வேலையில் நூற்றாண்டுப் பழக்கம் உள்ளது; 2023இல் ஹாத்ரஸ் பெருங்காயத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு கிராம்கூட விளையாத ஊருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அங்கே விளைவது கைப்பக்குவம்.

‘அப்படியானால் நாம் காசு கொடுத்து வாங்குவது மாவா?’ என்ற கேள்வி எழும். பெரும்பங்கு மாவும் கருவேல இனப் பிசினும்தான். அது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. மாவு அந்த நெடியைத் தாங்கி, ஒரு சிட்டிகைக்கு இத்தனை என்று சமமாகப் பிரித்துக்கொடுக்கிறது. ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சட்டம் கோடு போட்டிருக்கிறது. கூட்டுப் பெருங்காயத்தில் சாராயத்தில் கரையும் பகுதி குறைந்தது 5 விழுக்காடு இருக்க வேண்டும்; பைன் மரப்பிசின் போன்ற அந்நியப் பிசின் எதுவும் சேரக்கூடாது. வீட்டிலேயே பார்க்க இரண்டு வழியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. எஃகுக் கரண்டியில் வைத்து எரித்தால் நல்ல பெருங்காயம் சூடம் போல எரியும். தண்ணீரில் குலுக்கி வைத்தால் மாக்கல் தூள் கலந்தது அடியில் மண்ணாகப் படியும். கூட்டுப் பெருங்காயத்தில் மாவு இருப்பதால் கொஞ்சம் கலங்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவில் செய்ததை வாங்குவது நல்லது.

இப்படிப் பக்குவப்பட்ட பெருங்காயம் ரயிலேறித் தெற்கே போயிற்று. தமிழ்நாட்டில் அதற்குக் கிடைத்த வரவேற்பு பிறந்த நாட்டில்கூடக் கிடைக்கவில்லை. ஈரானியர்கள் தங்கள் அன்றாடச் சமையலில் அதை அதிகம் சேர்ப்பதில்லை. நாமோ குழம்பு, ரசம், மோர், புளிக்காய்ச்சல், மாவடு, மோர்மிளகாய், தட்டை, முறுக்கு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வெங்காயமும் பூண்டும் விலக்கிய வீடுகளிலும் கோவில் மடப்பள்ளிகளிலும் அவற்றின் வேலையை இது எடுத்துக்கொண்டது. பருப்பு உண்ணும் ஜனத்துக்கு வாயுத் தொல்லையையும் தீர்த்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம் ஏழோடு எட்டாவதாகச் சேர்ந்து அட்ட சூரணம் ஆயிற்று. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் அங்காயப் பொடியில் நுழைந்தது. கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் கரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவும் மருந்தாயிற்று. பழமொழியிலும் ஏறிக்கொண்டது: வீணான முயற்சியைக் ‘கடலில் கரைத்த பெருங்காயம்’ என்கிறோம், சொத்துப் போயும் பெருமை போகாத மனிதரைப் ‘பெருங்காய டப்பா’ என்கிறோம். காலி டப்பாவும் மணக்கும் என்பதை அறிந்த சமையலறைகளில்தான் இப்படிப்பட்ட பேச்சு உருவாகும்.

பொடிக் கலாச்சாரத்தில் அதன் இடம் தனி. சாம்பார்ப் பொடிக்கோ இட்லி மிளகாய்ப் பொடிக்கோ கட்டிப் பெருங்காயத்தைத்தான் எடுப்பார்கள். சூடான எண்ணெயில் போட்டால் அது பொரிந்து உப்பி, உள்ளே பொறுபொறுவென்று ஆகிவிடும்; அப்புறம் வறுத்த பருப்போடு சேர்த்து இடித்தால் பூவாகப் பொடியும். எண்ணெயில் வறுபடும்போது பச்சை நெடி அடங்கி, வதங்கிய வெங்காயத்தின் மணம் வருகிறது. ரசத்துக்கு என்றால் ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பால் போலக் கரைத்து ஊற்றுவார்கள். பிசினின் ஒரு பாகம் எண்ணெயிலும் ஒரு பாகம் தண்ணீரிலும் கரையும் என்பதால் இரண்டு வழியும் பலிக்கிறது. வேதியியல் படிக்காமலே இரண்டையும் பாட்டிமார் பிரித்து வைத்திருந்தார்கள்.

இங்கே கதை திரும்புகிறது.

தென்னகத்து மக்கள் வேலை தேடி பம்பாய்க்கு வந்தார்கள். 1896இன் பிளேக் கொள்ளைநோய்க்குப் பிறகு 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர்–மாட்டுங்கா பகுதியைத் திட்டமிட்டு விரித்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது; 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராமா நாயக்கின் உடுப்பி சாப்பாட்டுக்கடை என்று மாட்டுங்காவுக்கு ஒரு மணம் சேர்ந்தது. இடம் போதாமல் போனபோது குடும்பங்கள் செம்பூருக்கு நகர்ந்தன. அங்கே செடா நகரில் முருகனும் குன்றேறினான். தாராவியின் கதை இதற்கு முந்தையது, வேறு மாதிரியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் சதுப்பு மண்ணைத் தாங்களே மேடாக்கி வீடு கட்டிக்கொண்டார்கள்.

மாட்டுங்காவில் தமிழருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்ச் குஜராத்திகள். அவர்களில் பலர் ஜைனர்கள். அவர்களும் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள், தால் தாளிப்பில் பெருங்காயம் இல்லாமல் இருக்க முடியாதவர்கள். மொழி வேறு, சாமி வேறு, ஊறுகாய் வேறு. இரண்டு வீட்டுத் தாளிப்புச் சத்தத்துக்கும் பின்னால் வருகிற வாசனை ஒன்று. மாட்டுங்கா சந்தையில் ஒரே மளிகைக் கடையில் அப்பளப்பூவும் காக்ராவும் அடுத்தடுத்து அடுக்கியிருப்பதை இன்றும் காணலாம். எந்த வணிகச் சமூகம் பெருங்காயத்தைத் தெற்கே அனுப்பியதோ, அந்தச் சமூகத்தோடு ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் வாழ்க்கை தமிழனுக்கு வாய்த்தது.

தாராவியில் பெருங்காயம் இன்னொரு வழியில் நுழைந்தது. விடியற்காலையில் இங்கே அவிந்த இட்லி, சைக்கிளில் ஏறி, ரப்பர் ஹாரன் ஒலித்து, நகரமெங்கும் போகிறது. கூடவே போகும் சாம்பாரில் பெருங்காயம். சந்துகளில் பெண்கள் அப்பளம் தேய்த்துக் கவிழ்த்த கூடைகளின் முதுகில் காயவைக்கிறார்கள்; அந்த மாவிலும் அதுதான். மும்பை அப்பளத்தின் பெரிய பெயர் லிஜ்ஜத். 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடனில் மொட்டைமாடியில் தொடங்கிய கூட்டுறவு அது. உளுந்தைப் பர்மாவிலிருந்தும் மிளகைக் கேரளத்திலிருந்தும் பெருங்காயத்தை ஆப்கானிஸ்தானிலிருந்தும் வரவழைத்து, ஒரு தட்டை அப்பளத்தில் மூன்று தேசத்தை உருட்டிவிட்டார்கள்.

மும்பைத் தமிழ் வீட்டின் அலமாரி எப்படி நிரம்புகிறது என்று பார்த்தால் இந்தத் திருப்பம் முழுதாக விளங்கும். கோடை விடுமுறை முடிந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலோ தாதர்–திருநெல்வேலி வண்டியிலோ திரும்புகிற குடும்பத்தின் பைகளில் பாதி துணி, மீதி பொடி. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சுண்டைவற்றல், மணத்தக்காளி வற்றல், கூழ்வடகம், மோர்மிளகாய். ‘ஊர்ப் பொடி’ என்று சொல்லி அடுத்த கோடை வரை சிக்கனமாகச் செலவழிப்பார்கள். கடையில் கிடைக்கும் எந்தப் பாக்கெட்டுக்கும் அந்த வாசம் வராது என்று சாதிப்பார்கள். அந்தப் பொடியை முகர்ந்தால் முதலில் மூக்கில் ஏறுவது பெருங்காயம். அதுவோ பம்பாய் வணிகம் கை வைத்துப் பக்குவப்படுத்தித் தெற்கே அனுப்பிய சரக்கு. சொந்த ஊர் வாசனை என்று நெல்லையிலிருந்து மூட்டை கட்டி வருவதில் ஒரு பங்கு மும்பையினுடையது. அதற்குள் ஒரு பங்கு ஹெராத்தினுடையது. பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அது தெரிந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஊர் வாசனை என்பது எப்போதுமே பல ஊர்கள் சேர்ந்து செய்வது.

மும்பைக்கு உலர்சரக்குச் சேமிப்பு புதிதில்லை. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை ஈரம். வெயிலை நம்பிச் செய்யும் எதையும் மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். லால்பாக் மிளகாய்ச் சந்தில் ஏப்ரல், மே மாதங்களில் மராத்திக் குடும்பங்கள் மிளகாயும் கரம் சாமான்களும் வாங்கி, வறுத்து, ‘டங்கா’ என்னும் இடிக்கும் இயந்திரத்தில் கொடுத்து வருடத்துக்கான மசாலாவைச் சேர்த்துக்கொள்வார்கள். ஈஸ்ட் இந்தியன் கிறிஸ்தவர்கள் தங்கள் மசாலாவைப் பழைய பீர் பாட்டில்களில் திணித்து அடைப்பார்கள். தமிழர் மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து வடகம் பிழிவதும் இதே பஞ்சாங்கப்படிதான். மழை எல்லா மொழியினருக்கும் ஒரே கெடுவைத்தான் கொடுக்கிறது.

அந்த அலமாரியில் பெருங்காயத்துக்கென்று சில விதிகள் உண்டு. மற்றப் பொடிகளை வருடக்கணக்குக்கு வாங்கலாம். தூள் பெருங்காயத்தைச் சிறு டப்பாவாகத்தான் வாங்க வேண்டும். தூளுக்குப் பரப்பு அதிகம், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வாசனை கொஞ்சம் பறந்துவிடும். கட்டி நெடுநாள் தாங்கும். மழைக்காலத்துக்கு அதுவே நம்பகம். ஈரக் கரண்டி படவே கூடாது, உள்ளே இருக்கும் மாவு கட்டிதட்டிவிடும். மூடி இறுக்கமில்லாத டப்பாவைக் காபிப் பொடிக்குப் பக்கத்தில் வைத்தால் மறுநாள் காபியில் ரசம் மணக்கும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டு கைக்கு வசதி, சரக்குக்கு ஆகாது. தாளிக்கும்போது கடுகு வெடித்த பிறகு போட்டு உடனே அடுத்ததைச் சேர்க்க வேண்டும்; கருகினால் கசக்கும். ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு வணிகப் பெயருக்கு மாறினால் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே போடக்கூடாது, ஏனென்றால் மாவுக்கும் பிசினுக்கும் உள்ள விகிதம் ஒவ்வொருவர் கையிலும் வேறு.

இந்த நீண்ட பயணத்தில் அரசியலும் ஏறிக்கொள்கிறது. 2017 ஜூனில் பாகிஸ்தானைத் தொடாமல் காபூலிலிருந்து டெல்லிக்கு முதல் சரக்கு விமானப் பாதை திறந்தது. அந்த முதல் விமானம் கொண்டுவந்த 60 டன் சரக்கில் முக்கியமானது பெருங்காயம். 2021 ஆகஸ்டில் காபூல் கைமாறியபோது வியாபாரம் தடுமாறியது. சண்டை, எல்லை மூடல், டாலர் விலை எதுவாக இருந்தாலும் அதன் நெடி சில வாரங்களில் நம் மளிகைச் சீட்டில் தெரியும். இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டன் மூலப்பெருங்காயத்தை இறக்குமதி செய்கிறது என்பது அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு 2020இல் சொன்ன கணக்கு. அதற்குச் செலவு சுமார் 10 கோடி டாலர்.

இந்தக் கணக்கைக் குறைக்க, அக்குழுவின் பாலம்பூர் நிறுவனம் ஈரானிலிருந்து விதை வரவழைத்தது. முளைக்கவைப்பதே பெரும்பாடு, விதை நெடுநாள் உறங்கும் இனம். 2020 அக்டோபர் 15 அன்று இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், குவாரிங் கிராமத்து வயலில், முதல் நாற்று நடப்பட்டது. குளிர்ப் பாலைவனம், மழை குறைவு, குளிர்காலத்தில் பனி. செடி கேட்பதெல்லாம் அங்கே உண்டு. 2025இல் பாலம்பூரில் செடி பூத்து விதை பிடித்ததாக நிறுவனம் அறிவித்தது. ஒரே முறை பூத்துச் சாகிற செடி வேற்று மண்ணில் விதைவரை வந்துவிட்டது என்றால், அடுத்த தலைமுறை இந்த மண்ணிலேயே பிறக்கும்.

அதன் பிறகு கத்தியும் சுள்ளி மூடலும் இமாசல விவசாயிகளுக்குப் பழக வேண்டும். அப்புறமும் வேலை முடியாது. லாஹௌல் பிசினின் கசப்பு எவ்வளவு, நெடி எவ்வளவு, எந்த மாவோடு எத்தனை பங்கு சேர்த்தால் மாட்டுங்கா ரசத்துக்கும் தாராவி அப்பளத்துக்கும் ஒத்துவரும் என்பதை யாராவது முகர்ந்து முடிவு செய்தாக வேண்டும். செடியை ஐந்து வருடத்தில் இந்த மண்ணுக்குப் பழக்கிவிடலாம். அந்த மூக்கைப் பழக்கத்தான் மும்பைக்கும் ஹாத்ரஸுக்கும் நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. இறக்குமதிக் கணக்கில் இன்றுவரை அதற்கு ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை. ஆனால் நாம் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் நியாயமான பங்கு அந்த மூக்குக்கு உரியது.